முதல் பஸ் வராத நாள்

"நாளைக்கு வண்டி ஓடுமா சார்?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்பார்கள். பேங்கில் 34 வருடம் வேலை பார்த்தவன், தினமும் பேப்பர் படிக்கிறவன், இவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு நம்பிக்கை. கேட்பவர் பெரும்பாலும் என் தோட்டத்துக்குக் கீழ்ப்புறம் முக்கால் ஏக்கரில் அவரை, கத்தரி, மொச்சை போடும் அக்கா. அவர் கையில் உழவர் சந்தை அடையாள அட்டை இருக்கிறது. விடியற்காலை முதல் பஸ்ஸில் இரண்டு கூடை, ஒரு சாக்கு ஏற்றி மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போய்விட்டு, மதியத்துக்குள் திரும்பி மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவர். அந்த முதல் பஸ் வராத நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மண்புழு, மீன் அமிலம், பாரம்பரிய நெல் என்று படித்துப் பழகிய பக்கத்தில் இதென்ன ஸ்ட்ரைக் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நஞ்சில்லாமல் விளைவித்ததைப் பத்திருபது கிலோமீட்டர் கொண்டுபோய் நாமே விற்க முடியவில்லை என்றால், வயலில் செய்த அத்தனையும் ஊர் முக்கில் நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போகும்.

2018 ஜனவரி 4, வியாழக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள். நான் மதுரையில் கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு சாயங்காலம் பெரியார் பஸ் நிலையத்துக்கு வந்தேன். திருமங்கலம் வண்டியில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். சென்னையில் சங்கங்களோடு நடந்த பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று செல்போனில் செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார். "எல்லாரும் இறங்குங்கப்பா, வண்டி டிப்போவுக்குப் போகுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சங்கடமாகத்தான் சொன்னார். அப்புறம் ஷேர் ஆட்டோவில் திருப்பரங்குன்றம், அங்கிருந்து ஒரு செங்கல் லாரி. புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஊர் வந்து சேரும்போது மணி பத்தரை. எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, இடுப்புவலியைத் தவிர.

ஆனால் அக்காவுக்குச் செய்தி தெரியாது. அவர் அன்று மாலையே நாற்பது கிலோ அவரையும் கத்தரியும் பறித்து, ஈரத்துணி போட்டு வைத்துவிட்டார். மறுநாள் காலை நான்கு மணிக்கு ரோட்டு முக்கில் நின்றார். நாலரை ஆச்சு, அஞ்சு ஆச்சு. விடிந்தபின் ஒரு வியாபாரி மினி லாரியில் வந்தார். சந்தையில் நாற்பது ரூபாய்க்கு எழுதியிருந்த அவரையைப் பதினஞ்சுக்குக் கேட்டார். "இல்லாட்டி மாட்டுக்குப் போடுத்தா" என்றும் சொன்னார். கொடுத்துவிட்டு வந்து என் வாசலில் உட்கார்ந்த அக்கா, "இவய்ங்களுக்கு எங்க வயித்துல அடிக்கிறதே பொழப்பா போச்சு சார்" என்றார். பஸ்காரர்களைத்தான் சொன்னார். பதினஞ்சுக்குக் கேட்டவரைச் சொல்லவில்லை. இதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த வேலைநிறுத்தம் எட்டு நாள் நடந்தது. தொழிலாளர்கள் கேட்டது 2.57 மடங்கு ஊதிய உயர்வு, அரசு தருவதாகச் சொன்னது 2.44. பேச்சு முறிந்ததற்கு வெளியே தெரிந்த காரணம் இது. உள்ளே இருந்த காரணம் வேறு. பிடித்தம் செய்த பி.எஃப்., எல்.ஐ.சி., கூட்டுறவுக் கடன் தவணையைக்கூடக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டவில்லை, எல்லாம் சேர்ந்து 7,000 கோடி ரூபாய் பாக்கி என்று சங்கங்கள் சொல்லின. ஜனவரி 5ஆம் தேதியே சென்னை உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது. தொழிலாளர்கள் திரும்பவில்லை. தற்காலிக ஓட்டுநர்களை வைத்து வண்டிகளை எடுத்தார்கள், சில இடங்களில் அவை மோதிய செய்தியையும் படித்தோம். ஓய்வுபெற்றவர்களின் நிலுவைக்கு 750 கோடி ஒதுக்குவதாக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. 11ஆம் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி ஈ. பத்மநாபனை நடுவராக நீதிமன்றம் நியமித்த பின்தான் வண்டிகள் டிப்போவை விட்டுக் கிளம்பின. அதே மாதம் 20ஆம் தேதி பஸ் கட்டணம் ஏறியது. சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சம் 3 ரூபாயாக இருந்தது 5 ஆகி, எதிர்ப்பு வந்ததும் 4 ஆக இறங்கியது. கூடைக்காரி முதலில் பஸ் இல்லாமல் இழந்தார், அப்புறம் பஸ் இருந்தும் இழந்தார்.

நம் இயக்கக் கூட்டங்களில் இதைப் பேசும்போது இரண்டு குரல் வரும். ஒன்று, "ஸ்ட்ரைக்கையே தடை பண்ணணும்." இன்னொன்று, "ஆளுக்கொரு வண்டி வாங்கிட்டா யாரையும் நம்ப வேண்டாம்." எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

முதல் குரலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, கடமை இருக்கிறது. ஏனென்றால் நானே ஸ்ட்ரைக் செய்தவன். கொடி பிடித்துக் கிளை வாசலில் நின்றவன். இன்று நான் ஆறு ஏக்கரை யாரிடமும் கைநீட்டாமல் இயற்கை முறைக்கு மாற்ற முடிந்தது என்றால், முதல் மூன்று வருட விளைச்சல் சரிவைத் தாங்க முடிந்தது என்றால், அது என் பென்ஷனால். அந்த பென்ஷன் வானத்திலிருந்து விழவில்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1993 அக்டோபர் 29இல் வங்கிச் சங்கங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வந்தது. அதற்கு முன்னே எத்தனை நாள் கிளைகளின் கதவு மூடியிருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு நாளை மட்டும் மறக்க முடியவில்லை. ஆடி முடிந்து ஆவணி பிறந்து, கரிசல் பக்கம் நல்ல மழை இறங்கிய வாரம். அப்போது நான் கிராமத்துக் கிளை ஒன்றில் இருந்தேன். இரண்டு நாள் வேலைநிறுத்தம். வாசலில் நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தோம். ஓர் ஆத்தா முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு ஆறேழு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். நகைக்கடன். விதை வாங்க. "இன்னைக்கு இல்லை ஆத்தா, நாளைக்கும் இல்லை, வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன். அவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம வரைக்கும் ஈரம் இருக்குமாய்யா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். நிச்சயமாக அடகுக் கடைக்குத்தான் போயிருப்பார். எங்கள் கோரிக்கையில் தப்பு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அந்த மண்ணின் ஈரத்தைப் பற்றி எங்கள் நோட்டீஸில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

ஆகவே பஸ் தொழிலாளரைப் பார்த்து "பொதுமக்களை வதைக்காதே" என்று சொல்ல வாய் வரவில்லை. என் கிளையில் ஓர் ஓய்வுபெற்ற டிரைவர் மாதா மாதம் பாஸ்புக்கைக் கொண்டுவருவார். கிராஜுவிட்டி ஏறியிருக்கா என்று பார்க்க. ஏறியிருக்காது. வரி போட்டுக் கொடுப்பேன், வாங்கிக்கொண்டு போவார். முப்பது வருடம் நம்மைச் சுமந்தவர். போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களுக்கு 2015 நவம்பருக்குப் பிறகு பல வருடம் அகவிலைப்படி உயராமல் இருந்தது. 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் "96 மாத நிலுவை" என்று கேட்டார்களே, அது இதுதான். எனக்கு வருடத்தில் இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், கேட்காமலே விலைவாசிக்குத் தகுந்தபடி மாறுகிறது. ஒரே திருமங்கலம் ரோட்டில் இரண்டு பென்ஷன்காரர்கள், இரண்டு நியாயம். 2003 ஆகஸ்டில், அரசு ஊழியர் பணிநீக்க வழக்கில், வேலைநிறுத்தம் செய்ய ஊழியர்களுக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லி இத்தனை வருடம் ஆகிவிட்டது, வேலைநிறுத்தம் நின்றதா? காரணம் தீராமல் தடை மட்டும் போட்டால், சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும். விவசாயிக்கு அதுதான் மோசம்.

இரண்டாவது குரல், "ஆளுக்கொரு வண்டி." இதை நம்மவர்களே சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. கணக்கு போட்டுப் பார்ப்போம், என் பழைய தொழில் அது. முக்கால் ஏக்கர் காய்கறிக்கு வாரம் மூன்று நாள் சந்தை. அதற்கு ஒரு சின்ன யானை வாங்கினால் மாதத் தவணை, டீசல், இன்சூரன்ஸ், டயர். காய் விற்ற காசு முழுக்க வண்டிக்கே தீனி. யூரியாவை நிறுத்தி மிச்சம் பிடித்ததை டீசலில் விடுவதற்குப் பேர் இயற்கை விவசாயமா? வெளியிடுபொருள் செலவைக் குறை என்று நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்னதில் டீசல் சேராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மதுரைக்காரர்களுக்கு பஸ் என்பது வெறும் வண்டி இல்லை. 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பேருந்து ஓட்டத் தொடங்கினார். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று எங்கள் அப்பா சொல்லுவார். 1972இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. தனியார் லாபம் பார்த்து ஒதுக்கிய ஊர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் சிவப்பு வண்டி போனது. பேரையூர்ப் பக்கம், கள்ளிக்குடிப் பக்கம் உள்ளடங்கிய ஊர்களில் கேட்டுப் பாருங்கள், முதல் பஸ் வந்த அன்று தேங்காய் உடைத்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்புறம் 1999 நவம்பர் 14இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது எங்கே? நம்ம மதுரை அண்ணாநகரில்தான். அந்தத் திட்டத்தின் உயிர் சந்தைக் கொட்டகையில் இல்லை. விடியற்காலை வண்டியில் காய்கறிக் கூடைக்கு லக்கேஜ் கட்டணம் இல்லை என்று சொன்னார்களே, அதில் இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. கூடையோடு போகிற அக்காமாருக்கு இது சந்தை விலையில் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கிடைத்த மாதிரி. ஆக, விவசாயத்துக்கு அரசு தரும் மானியங்களில் நேரே சிறு விவசாயி கையில் சேருவது இந்த பஸ்தான். உர மானியம் போல கம்பெனி வழியாகச் சுற்றி வருவதில்லை. இந்த பஸ் நிற்கும்போது யார் பக்கம் நிற்பது என்ற கேள்வியில் நாம் அவசரப்பட்டு வாய் விடக்கூடாது.

சரி, பஸ் நிற்கப்போவதை முன்னாடியே தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. 1947ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. பொதுப் பயன்பாட்டுப் பணியில் இருப்பவர்கள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்து 14 நாள் கழியாமல் வேலையை நிறுத்தக் கூடாது, சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து 7 நாள் வரைக்கும் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 14 நாள் இருக்கிறது. பேப்பரில் நாலாம் பக்கத்தில் "போக்குவரத்துச் சங்கங்கள் ஸ்ட்ரைக் நோட்டீஸ்" என்று ஒரு சின்னச் செய்தி வரும். நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். 2018இலும் நோட்டீஸ் முன்பே வந்திருந்தது. எனக்கே தெரிந்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் செய்தி வந்தால் காலண்டரில் 14ஆம் நாளில் ஒரு வட்டம் போடுகிறேன். அந்த வட்டத்துக்கு அப்புறம் எந்த நாளும் நிற்கலாம் என்று அர்த்தம். இன்னொரு அனுபவ அறிவு, பொங்கலுக்கு முந்தின வாரமும் தீபாவளி போனஸ் நேரமும் எப்போதும் சந்தேகத்துக்குரியவை. கோரிக்கைக்கு வலு கூடுவது அப்போதுதான் என்று அவர்களுக்கும் தெரியும். எங்கள் காலத்தில் நாங்களும் மாதக் கடைசியாகப் பார்த்துத்தான் வைப்போம்!

2024 ஜனவரியில் நாங்கள் விவரமாக இருந்தோம். டிசம்பரிலேயே வட்டம் போட்டாச்சு. பதினோரு பேர் சேர்ந்தோம். முகூர்த்தம், பண்டிகை எதையும் பார்க்காமல் பறிப்பை முன்னே பின்னே மாற்றினோம். கத்தரியும் முருங்கையும் ஓரிரு நாள் செடியில் நின்றால் மோசமில்லை, அவரை நார் விழுந்துவிடும், கீரை காத்திருக்காது. அதனால் கீரைக்காரர் இரண்டு பேர் மட்டும் அந்த வாரம் திருமங்கலம் உழவர் சந்தையிலேயே போட்டுக்கொள்வது, மற்றவர் மதுரைக்கு ஒரு வாடகை வண்டியில் கூடைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது என்று முடிவு. மொச்சை, பாசிப்பயறு, குதிரைவாலி அரிசி மாதிரி கெடாத சரக்கை முந்தின வாரமே பஸ்ஸில் கொண்டுபோய் மதுரையில் தெரிந்த ஒரு கடையில் இறக்கிவிட்டோம். ரயிலையும் யோசித்தோம். ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் ரயில் நேரமும் சந்தை நேரமும் ஒத்துப்போகவில்லை. ஜங்ஷனில் இறங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அண்ணாநகருக்கு ஆட்டோ பிடித்தால் அவரையோடு சேர்த்து அவரைப் பந்தலையும் விற்க வேண்டும்.

ஜனவரி 8ஆம் தேதி பேச்சு முறிந்தது. 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, வேலைநிறுத்தம் தொடங்கியது. எங்கள் வாடகை வண்டி மூன்றரை மணிக்கே கிளம்பியது. பெருமையாகத்தான் போனோம். கப்பலூர் தாண்டும்போது பின்னாலிருந்து ஹார்ன். பார்த்தால் நம்ம முதல் பஸ்! பாதி காலியாக எங்களை முந்திக்கொண்டு போனது. ஆளும் கட்சியைச் சேர்ந்த சங்கம் போராட்டத்தில் சேரவில்லை, தற்காலிக ஆட்களையும் எடுத்திருந்தார்கள், அதனால் வண்டிகள் பெரும்பாலும் ஓடுவதாக அரசு சொன்னது. ஆனால் எந்த வழித்தடத்தில் எந்த நேர வண்டி வரும் என்று முந்தின நாள் இரவு வரை சொல்ல யாரும் இல்லை. நான் டிப்போவில் தெரிந்தவருக்கு போன் போட்டேன். "எனக்கே காலையிலதான் சார் தெரியும்" என்றார். மறுநாள் உயர் நீதிமன்றம், பண்டிகை நேரத்தில் ஏன் இப்படி என்று இரண்டு தரப்பையும் கேட்க, சங்கங்கள் 19ஆம் தேதி வரை போராட்டத்தைத் தள்ளிவைத்தன. மூன்று நாளுக்குப் பேசிய வாடகை வண்டிக்குப் பாதி முன்பணம் போனது போனதுதான். அக்கா சிரித்தார். "போன தடவ வண்டி வராம நட்டம், இந்தத் தடவ வண்டி வந்து நட்டம்."

இதில்தான் என் கருத்து திரண்டது. விவசாயிக்கு வேலைநிறுத்தத்தை விடப் பெரிய எதிரி, தெரியாமை. மழை வராது என்று தெரிந்தால் புழுதி விதைப்பைத் தள்ளிப்போடுவோம். வருமோ வராதோ என்கிற நிலைதானே விதையைக் கெடுக்கிறது.

வெளிநாட்டில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். பிரான்சில் 2007 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. போக்குவரத்துத் தொழிலாளி ஒவ்வொருவரும் தான் வேலைநிறுத்தத்தில் சேரப்போகிறேன் என்று 48 மணி நேரம் முன்னே நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். அதை வைத்து எது ஓடும் எது ஓடாது என்று 24 மணி நேரம் முன்னே நிர்வாகம் பயணிகளுக்குச் சொல்லியாக வேண்டும். உரிமையும் போகவில்லை, அட்டவணையும் கிடைக்கிறது. அங்கே தொழிற்சங்கங்கள் இதை விரும்பி ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகப் பெயர் கொடுத்தால் பழிவாங்குவார்கள் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. நம் ஊரில் அந்தப் பயம் இன்னும் கூடுதல் நியாயம். பெயர் வேண்டாம், டிப்போ வாரியாக எண்ணிக்கை போதும் என்பது என் யோசனை.

எனக்கு இதைவிடப் பிடித்தது இத்தாலி. அங்கே 1990இல் வந்த 146ஆம் எண் சட்டம், அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தம் நடந்தாலும் குறைந்தபட்ச சேவை இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும். நகரப் பேருந்துக்கு ஊருக்கு ஊர் நேரம் மாறும். மற்ற நேரம் நிறுத்திக்கொள்ளலாம். இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால், அலுவலக நேரத்தைக் காப்பாற்றச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு, காலை 3 மணியிலிருந்து 6 மணி வரை. உழவர் சந்தைக்கும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கும், காய்கறி மார்க்கெட்டுக்கும் போகிற அந்த முதல் நடை மட்டும். பால் வண்டியையும் ஆம்புலன்ஸையும் எந்தச் சங்கமும் மறிப்பதில்லை. அதே வரிசையில் கூடை வண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இதனால் போராட்டத்தின் வலு குறையுமா? பெரிதாகக் குறையாது. பகல் முழுக்க பஸ் நின்றால் அரசுக்குச் சூடு தட்டத்தான் செய்யும். ஆனால் அக்கா வாயிலிருந்து வரும் சாபம் குறையும். அந்தச் சாபத்தை வைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் தொழிலாளிக்கு எதிராகத் தலையங்கம் எழுதுகிறார்கள்.

ஜப்பானில் ஒகயாமா என்ற ஊரில் 2018இல் பஸ் டிரைவர்கள் இன்னொன்று செய்தார்கள். வண்டியை நிறுத்தவில்லை, ஓட்டினார்கள். கட்டணம் மட்டும் வாங்கவில்லை. பயணிக்குக் கொண்டாட்டம், முதலாளிக்கு மட்டும் அடி. படித்ததும் எனக்குப் பிடித்துப்போய் எங்கள் கூட்டத்தில் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் எழுந்து, "சார், ஒரு டிக்கெட் கிழிக்காம விட்டாலே செக்கிங் வந்து மெமோ குடுப்பாய்ங்க. பஸ் முழுக்கக் கிழிக்கலைன்னா வீட்டுக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். வேலைக்குப் போகாதவனை விட, வேலைக்குப் போய்க் காசு வாங்காதவனைத் தண்டிப்பது சுலபம். அதுவும் இங்கே பெண்கள் பாதிப்பேர் ஏற்கெனவே டிக்கெட் இல்லாமல்தான் போகிறார்கள், நகர வண்டியில் அந்த அடி பாதி அடிதான். ஆகவே அது இப்போதைக்குக் கதை.

நம் பக்கமும் திருத்திக்கொள்ள இருக்கிறது. 2022 மார்ச் 28, 29 நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்று எப்போதோ அறிவித்துவிட்டார்கள். நம் நண்பர்கள் சிலர் அதே 28ஆம் தேதி விதைப் பகிர்வுக் கூட்டம் வைத்தார்கள். தமிழ்நாட்டில் அன்று பெரும்பாலான பஸ் ஓடவில்லை. வந்தது யார்? பைக் வைத்திருந்த இளைஞர்களும் காரில் வந்த என்னைப் போன்ற ரிட்டயர்டு ஆட்களும். நாட்டுக் கத்தரி விதையை முப்பது வருடமாக அடுப்படியில் சாம்பலில் புரட்டி வைத்திருக்கும் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. விதை இல்லாமல் விதைக் கூட்டம்! மறுநாளே வண்டிகள் ஓரளவு ஓடின. ஒரு நாள் தள்ளி வைத்திருந்தால் தீர்ந்தது. தேதி குறிக்கும்போது மண்டபம் கிடைக்குமா, பேச்சாளர் வருவாரா என்று பார்க்கிறோம். பஸ் ஓடுமா என்று பார்ப்பதில்லை. பஸ்ஸில் வருகிறவர் நம் மனக்கணக்கில் இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. அவர் வராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைப்பது என்று ஒரு விதி போட்டாலே போதும், நம் அமைப்பாளர்களுக்குப் பேப்பரின் நாலாம் பக்கம் தானாகக் கண்ணில் படும்.

அப்புறம், அவர்கள் வாசலுக்கு நாம் போனதுண்டா? 2020 டிசம்பர் 8இல் வேளாண் சட்டங்களுக்கு எதிராக விவசாயிகள் நாடெங்கும் முழு அடைப்பு அறிவித்தபோது மத்தியத் தொழிற்சங்கங்கள் ஆதரவு கொடுத்தன. அதே 28, 29 வேலைநிறுத்தத்தில் விவசாயக் கோரிக்கையும் சேர்ந்தே இருந்தது. நாம் பதிலுக்குச் செய்தது, பஸ் வராத அன்று திட்டியதுதான். போன வருடம் நான்கைந்து பேராக ஒரு வாயிற்கூட்டத்துக்குப் போனோம். பையில் குதிரைவாலிப் புட்டு கொண்டுபோனோம். முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள், ஏதோ மனு கொடுக்க வந்த ஆட்கள் என்று. புட்டைத் தின்ற பிறகு பேச்சு வந்தது. முதல் நடை வண்டி பற்றிச் சொன்னேன். ஒருவர், "நியாயந்தான்ணே, ஆனா ஒரு வண்டிய விட்டா அதையே காட்டி எல்லா வண்டியையும் எடுக்கச் சொல்லுவாய்ங்க" என்றார். அதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. அவரும் ஒரு சிறு விவசாயிதான், செக்கானூரணிப் பக்கம் ஒன்றரை ஏக்கர், டூட்டி இல்லாத நாளில் மாட்டுக்குப் புல் அறுக்கிறவர். யோசித்துப் பார்த்தால், மாநிலம் முழுக்க ஒரே மாதிரி, எழுத்தில், இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, முதல் நடை மட்டும் என்று ஊதிய ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவாக வைத்தால் அந்தப் பயம் குறையலாம். ஒப்பந்தப் பேச்சில் நிர்வாகம், சங்கம் என்று இரண்டு நாற்காலிதான் போடுகிறார்கள். மூன்றாவதாகப் பயணிக்கு ஒரு முக்காலியாவது போடச் சொல்லி நம் இயக்கம் போக்குவரத்துத் துறைக்கும் சங்கங்களுக்கும் ஒரே கடிதத்தை எழுத வேண்டும். வரைவு நான் எழுதித் தருகிறேன். கடிதம் எழுதுவது ஒன்றுதான் பேங்கில் உருப்படியாகக் கற்றது.

அந்தக் கடிதத்தில் முதல் கோரிக்கை முதல் நடை வண்டி இல்லை. ஓய்வுபெற்றவரின் பாக்கியைத் தீருங்கள் என்பதுதான். அது தீராதவரை காலண்டரில் நான் வட்டம் போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வரைவைப் படித்துத் திருத்த அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் தோட்டத்தில் கூடுகிறோம். கூடை வைத்திருப்பவர்கள் அவசியம் வர வேண்டும், பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். அக்காவிடம் தேதியைச் சொன்னேன். "அன்னைக்கு வண்டி ஓடுமான்னு பாத்தீங்களா?" என்றார். பார்த்துவிட்டேன், இதுவரை நோட்டீஸ் ஒன்றும் இல்லை.